திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர்கள்

 

சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படிகளில் இறங்கிக் கொண்டிருந்தேன். வாயிலருகே ஒரு தந்தையும் மகனும் எனக்காகக் காத்து நின்றனர். தந்தை, நம் திருவண்ணாமலையில் சிறு கடை ஒன்று வைத்துப் பிழைப்பவர். மகன் என் மதரஸாவில் ஓதிய பிள்ளை; இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். மாலையில் மைதானத்துப் பக்கம் போகிறவர்கள் அவன் கால்பந்து ஆடுவதைச் சற்று நின்று பார்க்காமல் போவதில்லை.

“ஹஜ்ரத், பள்ளிக்கூடத்தை விட்டுவிடுகிறேன் என்கிறான். நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்” என்றார் தந்தை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர், பையனை நேரே பெரிய கழகம் ஒன்றில் சேர்த்து விடுவதாகவும், வாய்த்தால் வெளிநாட்டுக்கே அனுப்புவதாகவும் கூறியிருக்கிறார். அதற்கு முன்பணமாக இரண்டு இலட்சம் கேட்கிறார். வீட்டில் மனைவியின் நகை இருக்கிறது. அடகு வைக்கலாமா என்பதே தந்தையின் கேள்வி.

மகனின் கேள்வியோ வேறு. “ஆடத் தெரிந்தவனுக்கு வயது எதற்கு ஹஜ்ரத்? பதினான்கு வயதுப் பையன் ஐ.பி.எல்.லில் சதம் அடிக்கவில்லையா?”

நியாயமான கேள்வி. அதட்டி அடக்கிவிடக் கூடாத கேள்வி. நம் வீடுகள் பலவற்றில் இக்கேள்வி எழுவதால், அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

அவன் சொன்னது உண்மைதான். பீகாரைச் சேர்ந்த வைபவ் சூரியவன்ஷி 2025 ஏப்ரலில், 14 வயதில், 35 பந்துகளில் சதம் அடித்தார். ஆனால் அதற்கு முன்பே, 2024 ஜனவரியில், அவர் தம் மாநில அணிக்காக ரஞ்சிப் போட்டியில் ஆடியிருந்தார். படிகளை விரைவாக ஏறினாரே அன்றிப் படிகளே இல்லாமல் ஏறவில்லை. கால்பந்திலும் பாய்ச்சுங் பூட்டியா 1993-இல், 16 வயதில், பள்ளியை விட்டுக் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்து பெரும்புகழ் பெற்றார். இவர்களை நாம் அறிவோம். பள்ளியை விட்டுப் போய், வாய்ப்பும் கிட்டாமல் ஊர் திரும்பியவர்களின் பெயர்களை எந்தப் பத்திரிகை அச்சிடுகிறது?

அடுத்து, உடலைப் பாருங்கள். மட்டைப் பந்தில் ஆளோடு ஆள் மோதுவது அரிது. கால்பந்தில் அது ஆட்டத்தின் பகுதி. பதினாறு வயதுப் பையனின் எலும்பு முனைகளில் வளர்ச்சிக்குரிய மென்மையான பகுதி பலருக்கு இன்னும் முழுமையாக இறுகியிருக்காது. அப்பகுதியில் விழும் அடி, எலும்பின் வளர்ச்சியையே பாதிக்கக் கூடும். இருபத்தைந்து வயது வீரனோடு வாரந்தோறும் மோத அவனுக்குத் திறமை இருக்கலாம். தாங்கும் உடல் இன்னும் வந்திருக்காது.

அமெரிக்காவில் ‘கால்பந்து’ என்று வழங்கும் ஆட்டம் நம்முடையதினும் முரடானது. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது, ஓடுபவனை மோதி வீழ்த்துவது. அங்கே உயர்நிலைப் பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாதவரைத் தொழில்முறை லீக் சேர்ப்பதில்லை. மாரிஸ் கிளாரெட் என்ற இளைஞர் இவ்விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2004 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றத்தில் வென்றார். மே மாதம் மேல்முறையீட்டில் தோற்றார். 2005-இல் ஓர் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. எனினும் லீக் போட்டி ஒன்றில்கூட அவர் களம் இறங்கவில்லை. இவ்விதி அணி முதலாளிகளுக்கே வசதி, கல்லூரிகள் செய்யும் பயிற்சியின் பலனை அவர்கள் செலவின்றி அறுவடை செய்கிறார்கள் என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆனாலும் முற்றாத உடலை முற்றிய உடலோடு மோதவிடலாகாது என்ற நியாயம் அதனால் பொய்யாகி விடாது.

மூன்றாவது, சட்டம். உலகக் கால்பந்தை நிருவகிக்கும் ஃபிஃபாவின் விதிப்படி, 18 வயது நிரம்பாதவரை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்றக் கூடாது. பெற்றோர் வேறு காரணத்துக்காக அந்நாட்டில் குடியேறுவது போன்ற சில விலக்குகளே உண்டு. இவ்விதியை மீறியதற்காக 2014-இல் பார்சிலோனா கழகத்துக்கே புதிய வீரர்களைச் சேர்க்கத் தடை விதிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய கழகத்தால் மீற முடியாத விதியை, நம் ஊருக்கு வந்த அந்த மனிதர் எப்படி மீறுவார்? உள்நாட்டிலும் 18 வயதுக்குக் குறைந்தவரோடு மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட தொழில்முறை ஒப்பந்தம் செய்ய அவ்விதிகள் இடம் தருவதில்லை. ஏன்? சிறுவனின் கையெழுத்து அவன் வாழ்நாளை விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்பதற்காக.

இது நமக்குப் புதிய செய்தியா என்ன? அநாதைகளின் பொருளை, அவர்களைச் சோதித்து, பக்குவம் வந்ததைக் கண்டபின் அவர்களிடம் ஒப்படைக்குமாறு சூரா அந்நிஸா நமக்குக் கட்டளையிடவில்லையா?

நான்காவது, நம் நாட்டு அனுபவம். 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. நம் பிள்ளைகள் மூன்று ஆட்டங்களிலும் தோற்றனர். ஆனால் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் அடித்த கோல், உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல். அப்பிள்ளைகளில் பலரை உடனே பெரிய கழகங்களில் கரைத்துவிடாமல், ‘இந்தியன் ஏரோஸ்’ என்ற தனி அணியாக ஐ-லீக்கில் ஆட வைத்தது அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம். பெரிய கழகத்தில் சேர்ந்த சிறுவன் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தே காலம் கழிப்பான். தோற்றாலும் களத்தில் ஆடித் தோற்கட்டும் என்பதே எண்ணம். முதல் பருவத்தில் அவ்வணி கடைசி இடமே பெற்றது. நாட்டின் முதல் உலகக் கோப்பைக் கோலை அடித்த ஜீக்சனே 2021-இல்தான் மூத்தோர் தேசிய அணிக்காக ஆடினார். நான்கு ஆண்டுக் காத்திருப்பு! ஏரோஸ் அணி 2022-இல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் இளையோருக்கென வளர்ச்சி லீக் ஒன்று தொடங்கியது. பெயர்கள் மாறலாம்; பள்ளிக்கும் பெரிய களத்துக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும் என்ற தேவை மாறவில்லை.

இனி, பெரிய களமாவது உறுதியானதா? 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. லீக்கை நடத்தும் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது; புதிய ஒப்பந்தம் ஆகவில்லை. வழக்கமான பருவத்தில் ஆட்டங்கள் தொடங்கவில்லை. பெங்களூருக் கழகம் தன் வீரர்களின் ஊதியத்தையே நிறுத்தி வைத்தது. பல ஆண்டு அனுபவம் உள்ள வீரர்களே வருமானம் என்னாகுமோ என்று கலங்கிய அந்நாளில், கையில் பிளஸ் டூ சான்றிதழ்கூட இல்லாத ஒரு பையனின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பையனை அருகில் அமர்த்தி, இவற்றுக்கெல்லாம் மேலான ஒரு வரலாற்றைச் சொன்னேன்.

உஹதுப் போருக்குப் புறப்படும்போது, பதினான்கு வயதான இப்னு உமர் (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்கள்முன் நிறுத்தப்பட்டார்கள். அனுமதி கிடைக்கவில்லை. பதினைந்தாம் வயதில், அகழ்ப்போரின்போது மீண்டும் நிறுத்தப்பட்டார்கள், அனுமதி கிடைத்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. திருப்பி அனுப்பப்பட்டது அவமானமா? அந்தச் சிறுவர்தாம் பின்னாளில் இந்தச் சமுதாயத்தின் மாபெரும் அறிஞர்களில் ஒருவராக விளங்கினார்கள்.

அதே உஹதில் விலக்கும் உண்டு. ராஃபிஉ (ரலி) என்ற சிறுவர் நன்றாக அம்பெய்வார் என்பதால் அனுமதிக்கப்பட்டார். மல்யுத்தத்தில் அவரை வீழ்த்துவேன் என்றார் சமுரா (ரலி) என்ற மற்றொரு சிறுவர். இருவரையும் மோதவிட்டார்கள், சமுரா வென்றார், அவருக்கும் அனுமதி கிடைத்தது என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். விலக்கு, தகுதியைக் கண்ணெதிரே நிரூபித்தவருக்குக் கிடைத்தது. முன்பணம் கட்டியவருக்கு அல்ல.

பெற்றோரே! பிள்ளையின் ஆசையை வெட்டாதீர்கள். அதற்கு வரப்பு கட்டுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் பள்ளிப் படிப்பும் பயிற்சியும் சேர்ந்தே நடக்கின்றன, விசாரியுங்கள். பள்ளிகளுக்கிடையே 1960 முதல் நடைபெறும் சுப்ரதோ கோப்பை இருக்கிறது. மாநில அணிகளுக்கு 1941 முதல் சந்தோஷ் கோப்பை இருக்கிறது. அவற்றை நோக்கி ஆடட்டும். அரசுப் பணியிலும் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டு வீரர்க்கு ஒதுக்கீடு உண்டு. அதைப் பெறவும் படிப்பு வேண்டும். யாரேனும் வந்து ‘சேர்த்து விடுகிறேன்’ என்றால், ஃபிஃபாவின் முகவர் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். 2023 முதல் அதற்குத் தேர்வு எழுதித் தேற வேண்டும். உரிமத்தைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

தந்தை நகையை அடகு வைக்கவில்லை. மகனோ அன்று ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். என்மீது வருத்தம் இருந்திருக்கும், இன்றும் இருக்கலாம். ஆனால் பள்ளிக்குப் போகிறான். மாலையில் மைதானத்துக்கும் போகிறான். சென்ற வெள்ளியன்று ஜும்ஆ முடிந்து வந்து, “சமுரா எத்தனை வயதில் மல்யுத்தம் கற்றார் ஹஜ்ரத்?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். “நிறைய நாள் பழகியிருப்பார்” என்று தானே சொல்லிக் கொண்டு போனான்.

நம் பிள்ளைகளின் உடலும் அறிவும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். உரிய காலம்வரை அவற்றைக் காத்து, உரிய காலத்தில் மனமுவந்து களத்துக்கு அனுப்பும் பக்குவத்தை வல்ல நாயன் நம் அனைவர்க்கும் தந்தருள்வானாக! ஆமீன்.