யார் ஜெயித்தது?

அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் விவாதம் முடிந்ததும் டிவிக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். யார் ஜெயித்தது? யார் என்ன சொன்னார் என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வரும். பல சமயம் வராமலே போய்விடும்.

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் கென்னடியும் நிக்சனும் மோதிய முதல் டிவி விவாதத்தைச் சுமார் 7 கோடி பேர் பார்த்தார்கள். அதில் பேசப்பட்டது உள்நாட்டுப் பிரச்சினைகள். ஆனால் நிக்சனுக்கு வியர்த்ததுதான் இன்று வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. 1992ல் மூத்த புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 2000ல் அல் கோர் பெருமூச்சு விட்டார். கைக்கு வந்த கேட்சை விட்டவனைத் திரும்பத் திரும்பக் காட்டுவது போல இவற்றையும் காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கூட்டத்தின் கைதட்டல்தான் காரணம் என்று சிலர் நினைத்தார்கள். 2024ல் அதையும் எடுத்துவிட்டுப் பார்த்தாயிற்று. இரண்டு விவாதங்களிலும் அரங்கில் பார்வையாளர்கள் கிடையாது. ஒருவர் பேசும்போது அடுத்தவர் மைக் அணைக்கப்பட்டது. அப்படியும் மேட்ச் மேட்சாகத்தான் இருந்தது. ஆட்டம் அரங்கத்தில் இல்லை, பார்க்கிறவர் மனதில் இருக்கிறது.

சரி, ஸ்கோராவது சரியாக இருந்ததா? அந்த வருடம் செப்டம்பர் 10 அன்று பிலடெல்பியாவில் ட்ரம்பும் கமலா ஹாரிஸும் மோதினார்கள். 6 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். உடனே சி.என்.என். எடுத்த கருத்துக்கணிப்பில் 63 சதவீதம் பேர் ஹாரிஸ் ஜெயித்ததாகச் சொன்னார்கள். இரண்டே மாதத்தில் 312க்கு 226 என்று ட்ரம்ப் தேர்தலில் ஜெயித்தார். அன்றைக்குக் கொடுத்த கோப்பைக்கு என்ன மதிப்பு?

இன்னொரு பக்கமும் உண்டு. மேட்ச் போல இருப்பதால்தான் இத்தனை கோடிப் பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பட்ஜெட் உரையை யார் அப்படிப் பார்க்கிறார்கள்? தடுமாற்றமும் சில சமயம் முக்கியமான சேதிதான். 2024 ஜூன் 27 விவாதத்தில் பைடன் திணறியதை ஊரே பார்த்தது. ஜூலை 21ல் அவர் போட்டியிலிருந்து விலகினார். ஒருவரால் அந்த வேலையைச் செய்ய முடியுமா என்று மக்கள் தெரிந்துகொள்வதில் தப்பே இல்லை.

தப்பு அதோடு எழுந்து போய்விடுவதில் இருக்கிறது.

அந்தப் பிலடெல்பியா விவாதத்தில் எது அதிகம் பேசப்பட்டது? ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் வந்தேறிகள் நாய் பூனைகளைச் சாப்பிடுகிறார்கள் என்று ட்ரம்ப் சொன்னது. அதற்கு ஆதாரமே இல்லை. ஆனால் உலகமே சிரித்தது, பாட்டாகக்கூடப் போட்டார்கள். சிரித்தவர்களுக்கு அது ஒரு நோ-பால். அந்த ஊரிலோ அதே வாரம் வெடிகுண்டு மிரட்டல்கள் வந்து பள்ளிக்கூடங்களைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

அதே மேடையில், ஆரம்பத்திலேயே, இறக்குமதி வரி பற்றியும் பேசினார்கள். ட்ரம்ப் போடப்போகும் வரி அமெரிக்கக் குடும்பங்களின் தலையில் விழும் விற்பனை வரி என்றார் ஹாரிஸ். இல்லை, மற்ற நாடுகள்தான் கொடுக்கும் என்றார் ட்ரம்ப். சீனா மீது தான் போட்ட வரியை நீங்கள் ஏன் எடுக்கவில்லை என்றும் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் யாரும் அதை ரீப்ளே போடவில்லை. நாக் அவுட் எதுவும் இல்லையே!

பி.காம். படிக்கிற பையனுக்கே தெரிந்த கணக்கு இது. சரக்கை இறக்குகிற அமெரிக்கக் கம்பெனிதான் சுங்கத்தில் வரியைக் கட்ட வேண்டும். கட்டிய பணத்தை அது மூன்று வழியில் சமாளிக்கலாம். கடையில் விலையை ஏற்றலாம். தன் லாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அல்லது அனுப்பியவனிடம் 'விலையைக் குறை' என்று கேட்கலாம். யாருக்குப் பேரம் பேசும் பலம் குறைவோ, அவர் தலையில்தான் பாரம் இறங்கும்.

அது யார் தலை என்பது பின்னால் தெரிந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் பெரும்பாலான இந்தியச் சரக்குகள் மீது கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. திருப்பூர் பின்னலாடைக்கு அமெரிக்கா பெரிய சந்தை. ஆர்டர்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தள்ளுபடி கொடு என்று அங்கிருந்து கேட்டார்கள். ஏற்றுமதியாளர்கள் அரசிடம் உதவி கேட்டுப் போனார்கள். அதன் பிறகு நடந்த பேச்சுவார்த்தைகள் தனிக்கதை. ஆனால் பிலடெல்பியா மேடையில் நடந்த அந்தச் சில நிமிடப் பேச்சு, அங்கே ஓட்டே இல்லாத ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளியின் ஓவர்டைம் வரைக்கும் வந்து நின்றது. அந்த விவாதத்தின் ஸ்கோர் போர்டில் இது எங்கே இருந்தது?

கிரிக்கெட்டில் தோற்றால் ரசிகன் ஒரு ராத்திரி வருத்தப்படுவான். மறுநாள் அவன் அரிசி விலை மாறாது. பட்டிமன்றத்தில் நடுவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். தேர்தல் விவாதம் அப்படியா?

ரசித்துப் பார்க்கட்டும், விசில் கூட அடிக்கட்டும். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்றே விஷயம் எழுதி வைத்தால் போதும். என்ன செய்யப்போவதாகச் சொன்னார்? அதற்கு யார் பணம் கொடுப்பார்? செய்யவில்லை என்றால் எப்படித் தெரியும்? ஒரு வருடம் கழித்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்கட்டும். யார் ஜெயித்தது என்பது அப்போதுதான் தெரியும். யார் தோற்றது என்பதும்.