மார்கழியில் மக்கர் செய்யும் டிராக்டர்

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய டிராக்டர். மார்கழி, தை மாதங்களில் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் வெள்ளைப் புகை கக்குகிறது. பம்ப் டைமிங்கை 'அட்வான்ஸ்' வைத்தால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
- வாசகர், காரியாபட்டி.

பதில்: வேண்டாம். ஆனால், மெக்கானிக் சொல்வதில் விஷயம் இருக்கிறது. டீசல், அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் பற்றுகிறது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் பற்றத் தாமதமாகும். அதற்குள் பிஸ்டன் கீழே இறங்கிவிட்டால், எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியேறும். அதனால் சற்று முன்னதாகவே டீசலைப் பீய்ச்சினால் பலன் உண்டு.

ஆனால், குளிர்ந்திருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் அது தேவை. பழைய வேன், கார்களில் வந்த பாஷ் வி.இ. ரோட்டரி பம்பில், வேகம் கூடும்போது உள்ளே டீசல் அழுத்தம் உயர்ந்து ஒரு சிறு பிஸ்டனைத் தள்ளும். அது உருளை வளையத்தைத் திருப்ப, டீசல் முன்னதாகப் பாயும். ஸ்டார்ட் செய்யும்போது அந்த அழுத்தம் இருக்காதே! அதற்காகச் சில பம்புகளில் பக்கவாட்டில் ஒரு லீவர் வைத்தார்கள். அது அதே வளையத்தைச் சில டிகிரி திருப்பிக் கொடுக்கும். சிலவற்றில் டிரைவர் கேபிளை இழுக்க வேண்டும். சிலவற்றில் மெழுகு அடைத்த குப்பி உண்டு; கூலன்ட் சூடேறினால் மெழுகு விரிந்து லீவரைத் தானாகப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும்.

உங்கள் பம்பில் டீசல் குழாய்கள் மேலே ஒரே வரிசையில் கிளம்பினால் அது இன்லைன் பம்ப். அதில் இந்த லீவர் கிடையாது. பம்பைத் திருப்பி வைத்தால் நாள் முழுக்க அட்வான்ஸ்தான். ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் பின்னுக்கு உதைக்கும். சூடான பிறகு தடதடவென்று தட்டும். பிஸ்டன், பேரிங், ஹெட் கேஸ்கெட் எல்லாவற்றுக்கும் கேடு. டைமிங் குறி விலகி, தாமதமாகியிருந்தால் மட்டும் கம்பெனி குறிக்கே திருப்பி வைக்கலாம்.

இன்னொன்று, உறைபனி விழும் தேசத்துக்காரர்களுக்குத்தான் இந்த ஏற்பாடு அவசியம். நம் பக்கம் மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிருக்கே அடம்பிடித்தால் கோளாறு வேறெங்கோ. முதலில் பேட்டரியையும் எர்த் வயரையும் பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் காற்று சூடேறாது. அடுத்து, ராத்திரியில் டீசல் டேங்குக்குத் திரும்பி, லைனில் காற்று புகுகிறதா? காலையில் ஹேண்ட் பிரைமரை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்சில் கொடுத்து, சொட்டுகிறதா எனப் பாருங்கள். எல்லாம் சரியென்றால், கம்ப்ரஷன்தான் போயிருக்கும். ரிங், வால்வு வேலை, செலவு இழுக்கும்.

ஏர் கிளீனர் வாயில் எரியும் துணியைக் காட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். வைக்கோல் படப்புப் பக்கத்தில் அதைச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டாசு மாவட்டத்துக்காரர்களுக்கு நெருப்பைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்?

பம்ப் மேலிருக்கும் தகட்டு எண்ணை எழுதி அனுப்பினால், அதற்கான டைமிங் குறி எங்கே இருக்கும் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.