என்பாரும் உளர்

மாஸ்டடான் என்ற சமூகத் தளத்தை 2016இல் தொடங்கிய யூஜென் ரோச்கோ, ட்விட்டரில் இருந்த ஒரு வசதியைத் தெரிந்தே விட்டுவிட்டார். பிறர் பதிவை எடுத்து, அதன் தலைமேல் நம் கருத்தை எழுதிப் பகிர்கிறோமே, நம்மவர்கள் ‘கோட் பண்ணுவது’ என்கிறார்களே, அந்த வசதி. எழுதியவரிடம் பதில் பேச வேண்டிய இடத்தில் அவரைச் சுட்டிக்காட்டித் தன் கூட்டத்திடம் பேச அது தூண்டுகிறது, நஞ்சுதான் பெருகும் என்பது அவர் வாதம். பல ஆண்டுகள் அதில் உறுதியாக நின்ற மாஸ்டடான், 2025இல் மனம் மாறி, சில கட்டுப்பாடுகளோடு அந்த வசதியைக் கொண்டுவந்தது. மாறியது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் மறுத்ததற்குச் சொன்ன காரணம் இன்றும் அப்படியே நிற்கிறது.

2006இல் ட்விட்டர் வந்தபோது பகிர்வதற்குப் பொத்தானே கிடையாது. பயனர்கள் தாமே வழி கண்டார்கள். எழுதியவர் பெயருக்கு முன் ‘ஆர்டி’ (ரீட்வீட்) என்று போட்டு, அவர் சொன்னதை நகலெடுத்து ஒட்டி, முன்னால் தம் கருத்தைச் சேர்த்தார்கள். 140 எழுத்துக்குள் இருவர் பேச்சும் அடங்க வேண்டும். இடம் போதாவிட்டால் மூலத்தின் வாலை வெட்டினார்கள், சொல்லைச் சுருக்கினார்கள். நேர்மையுள்ளவர்கள் மாற்றியிருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக ‘எம்டி’ என்று குறித்தார்கள். மற்றவர்கள் குறிக்கவில்லை. யார் சொன்னது எதுவரை என்பது கலங்கிப்போனதால்தான் 2009 நவம்பரில் வந்த ரீட்வீட் பொத்தான், மூலத்தை எழுதியவர் முகத்தோடும் பெயரோடும் உள்ளது உள்ளபடியே கடத்தியது. கருத்துச் சேர்க்க இடமில்லை. அப்போது நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த இவான் வில்லியம்ஸ் அதற்கான காரணங்களை விரிவாக எழுதினார். கருத்துக்குத் தனி இடம் 2015 ஏப்ரலில் கிடைத்தது: மூலம் ஒரு பெட்டிக்குள் முழுதாக, மேலே 116 எழுத்து நமக்கு.

மூலமும் உரையும் ஒன்றில் ஒன்று கலந்துவிடுமோ என்ற இந்தக் கவலை மிகப் பழையது. நம் ஓலைகளில் நிறுத்தக்குறி இல்லை, பத்தி இல்லை. மூலம் முடிந்து உரை தொடங்கும் இடத்தைக் கண்டறிவதே பதிப்பாசிரியருக்குப் பெரும்பாடு. நச்சினார்க்கினியர் உரையோடு சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரின் தலைமுறை, அந்தப் பாட்டைப் பட்டுத்தான் நமக்கு நூல்களைத் தந்தது. வெனிஸ் நகரில் 1520க்கும் 1523க்கும் இடையே டேனியல் பாம்பெர்க் யூதர்களின் சமயச் சட்ட நூலான தால்முதை முழுமையாக அச்சிட்டபோது, மூலத்தைப் பக்கத்தின் நடுவில் வைத்தார். ஒரு பக்கம், ராஷி என்ற உரையாசிரியரின் உரை. மறுபக்கம் ராஷியின் பேரர்களும் அவர் வழிவந்தவர்களும் எழுதிய குறிப்புகள்; அவற்றில் பல, ராஷியையே மறுப்பவை. தாத்தாவின் கருத்தும் பேரனின் மறுப்பும் ஒரே தாளில். அந்தப் பக்க அமைப்பு இன்றுவரை மாறவில்லை.

எடுத்துக்காட்டிப் பேசுவது மூலத்துக்குக் கேடு என்று யாராவது சொன்னால் எனக்குத் தகடூர் யாத்திரை என்ற பழந்தமிழ் நூல் நினைவுக்கு வரும். நூல் போய்விட்டது. உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்டதாலும், பிற்காலத்தில் தொகுத்தவர்களாலும் சில பாடல்கள் மட்டும் மிஞ்சின.

பழைய உரைகளை வாசிக்கும்போது மனத்தைத் தொடும் சொற்றொடர் ஒன்று உண்டு: ‘என்பாரும் உளர்’. முன்னோர் ஒருவர் சொன்ன பொருளை எடுத்துச் சொல்வார்கள். இப்படிச் சொல்வோரும் இருக்கிறார்கள் என்பார்கள். அது ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டுவார்கள். பல இடங்களில் அவர் யார் என்று சொல்வதில்லை. கருத்து முழுதாக வரும், ஆள் வரமாட்டார். எல்லாரும் இப்படி மென்மையாக இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் எழுதிய நூலின் பெயரே இலக்கண விளக்கச் சூறாவளி. வள்ளலாரின் பாடல்களை ‘அருட்பா’ என்பதா ‘மருட்பா’ என்பதா என்று ஆறுமுக நாவலர் தரப்பும் வள்ளலார் தரப்பும் கண்டன நூல்களால் மோதிக்கொண்டது, அவ்விருவர் காலத்துக்குப் பின்னும் ஓயவில்லை. கடுமைக்குக் குறைவில்லை. ஆனால் அடித்தவரும் அடிபட்டவரும் ஏறக்குறைய ஒரே படியில் நின்றவர்கள். அருட்பா மோதலில் இரு தரப்புக்கும் மாணாக்கர் இருந்தனர், அச்சகம் இருந்தது, மறுப்புக்கு மறுப்பு எழுதத் தெரிந்தது.

இன்று அப்படியில்லை. ஐம்பது பேர் பின்தொடரும் ஒருவர் அந்த ஐம்பது பேரை நினைத்து ஒரு வரி எழுதுகிறார். லட்சம் பேர் பின்தொடரும் ஒருவர் அதைத் தூக்கி, மேலே நான்கு சொல் எழுதுகிறார். மூலம் சிதையவில்லைதான். ஆனால் அதை வாசிக்கும் ஒவ்வொருவரும், எப்படி வாசிக்க வேண்டும் என்று முன்பே சொல்லப்பட்ட பிறகே வாசிக்கிறார். கூடவே எழுதியவரின் வீட்டு வாசலுக்கு வழியும் கையில் கிடைக்கிறது. உரையாசிரியர் கருத்தைக் கொண்டுவந்து ஆளை விட்டார். இந்தப் பெட்டி ஆளைக் கொண்டுவருகிறது; கருத்து சில நேரம் வருகிறது.

கருத்தெழுதச் சொன்னால் மக்கள் யோசிப்பார்கள் என்றும் ஒரு நம்பிக்கை இருந்தது. 2020 அக்டோபரில், அமெரிக்கத் தேர்தலையொட்டி, ரீட்வீட்டை அழுத்தினாலே கருத்துப்பெட்டி திறக்கும்படி ட்விட்டர் செய்தது. பகிர்வு மொத்தத்தில் 20 சதவீதம் குறைந்தது. கோட் ட்வீட்கள் கூடின; ஆனால் அவற்றில் 45 சதவீதம் ஆமோதிக்கும் ஒற்றைச் சொல், 70 சதவீதம் 25 எழுத்துக்கும் குறைவு. டிசம்பரில் பழையபடி ஆக்கிவிட்டார்கள். பெட்டி திறந்தால் உரை பிறந்துவிடாது.

அப்படியென்றால் ரோச்கோ மறுத்ததோடு நின்றிருக்கலாமே? 2022இல் ட்விட்டர் கைமாறியதும் பலர் மாஸ்டடானுக்கு வந்தார்கள். அவர்களில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் சொன்ன குறை முக்கியமானது. ஒருவர் சொல்ல, கூடியிருப்போர் குரல் கொடுத்து அதை வளர்ப்பது அவர்கள் தேவாலயங்களிலிருந்து வரும் வழக்கம். ட்விட்டரில் அந்த வழக்கம் கோட் ட்வீட்டில்தான் வாழ்ந்தது. அவர்கள் கேட்டது ஆயுதத்தை அல்ல, திண்ணையை. தவிர, வசதியை மறுத்தால் யாரும் வாயை மூடிக்கொள்வதில்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறார்கள். அதில் மூலத்துக்குப் போகும் வழி அறுந்துவிடுகிறது, முன்பின் தெரிவதில்லை, சொல்லை மாற்றினாலும் கண்டுபிடிக்க முடிவதில்லை, தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே எழுதியவருக்குத் தெரியாமல் போகலாம். 2009க்கு முந்தைய ‘ஆர்டி’ காலத்தின் குழப்பம் முழுதும் அங்கே காத்திருக்கிறது.

அதனால் மாஸ்டடான் கண்ட வழி எனக்கு உடன்பாடு. தன் பதிவை யார் மேற்கோளிடலாம் என்பதை எழுதியவர் தீர்மானிக்கலாம். இட்டால் செய்தி வரும். வேண்டாம் என்றால் பிறகும் விலக்கிக்கொள்ளலாம். ப்ளூஸ்கை என்ற மற்றொரு தளம் 2024 ஆகஸ்டிலேயே இப்படிப் பிரித்துக்கொள்ள வழி செய்தது. அங்கே விலக்கினால் மேற்கோளிட்டவரின் கருத்து நிற்கும். மூலம் இருந்த பெட்டியில், எழுதியவர் நீக்கிவிட்டார் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். கூட்டம் வாசலில் கூடிய இரவில், ஐம்பது பேர் பின்தொடரும் அந்த ஒருவருக்குக் கதவைச் சாத்த ஒரு தாழ்ப்பாள்.

ஆட்சியிலிருப்போர் அந்தப் பொறுப்பில் நின்று பேசும் கணக்குகளுக்கு மட்டும் இந்தத் தாழ்ப்பாளைத் தரக் கூடாது. அமைச்சர் கொடுத்த வாக்குறுதியைக் குடிமகன் ஒருவர் மேற்கோளிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குக் கீழே வெற்றுப் பெட்டி இருக்கக் கூடாது.