பாலர் பள்ளி ஆசிரியர் எந்த மொழியில் பயில்கிறார்?



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம்மவர் வீடுகளில் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு. “பிள்ளைக்குப் புள்ளிகள் சுமார்தான். பாலர் பள்ளி ஆசிரியருக்குப் படிக்கட்டும். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதானே!” சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆயினும், அந்தப் ‘பார்த்துக்கொள்வதுதானே’ என்னும் சொல்லில் எத்துணை அறியாமை!

ஆறாம் ஆண்டு மாணவனுக்குப் பாடம் விளங்கவில்லை என்றால் கையைத் தூக்கிக் கேட்பான், குறைந்தது விழிப்பான். நான்கு வயதுக் குழந்தைக்கு, தனக்கு என்ன விளங்கவில்லை என்பதே தெரியாது. அது அழும், பக்கத்துக் குழந்தையைக் கடிக்கும், காற்சட்டையை நனைத்துக்கொண்டு மூலையில் நிற்கும். இவற்றையெல்லாம் படித்துப் பொருள் காண வேண்டியவர் ஆசிரியர். பாட நூலைப் படிப்பதைவிட இது கடினமான படிப்பு அல்லவா?

அரசாங்கம் இதனை உணராமல் இல்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியை நாட்டின் கல்வி முறையின் ஓர் அங்கமாக்கியது. 2010இல் தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் புதிதாக அமைக்கப்பட்டு, 2017இல் திருத்தப்பட்டது. விளையாட்டின்வழி கற்றலை அது வலியுறுத்தியது. 2013ஆம் ஆண்டின் கல்விப் பெருந்திட்டமோ, பாலர் பள்ளி ஆசிரியருக்குக் குறைந்தது டிப்ளோமா தகுதியாவது வேண்டும் என்று இலக்கு வகுத்தது. ஆகவே, ‘தகுதி வேண்டுமா’ என்னும் கேள்விக்கு ஏட்டளவிலாவது விடை கிடைத்துவிட்டது.

என் கவலை வேறு. தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழில் கற்பிக்கப் போகிறவர், அந்தத் தொழிலை எந்த மொழியில் பயில்கிறார்?

தனியார் கல்லூரிகளின் டிப்ளோமா வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ நடைபெறுகின்றன. அங்கே பியாஜே, வைகாட்ஸ்கி, ஃப்ரோபெல், மாண்டிசோரி ஆகியோரின் கருத்துகள் கற்பிக்கப்படுகின்றன. குழந்தையை உற்றுநோக்கிக் குறிப்பெழுதும் முறை கற்பிக்கப்படுகிறது. அனைத்தும் தேவையானவை; குறை சொல்வதற்கில்லை. ஆனால், அந்தப் பயிற்சியை முடித்துவிட்டுத் தமிழ்ப் பாலர் வகுப்பில் வந்து நிற்கும்போதுதான் இடர் தொடங்குகிறது. கோட்பாடு ஆங்கிலத்தில் இருக்கிறது. குழந்தையோ தமிழில் அழுகிறது!

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். “டீச்சர், என் பொத்தோல் கீழ விழுந்துச்சு” என்று ஒரு குழந்தை ஓடி வருகிறது. “பொத்தோல் என்று சொல்லக்கூடாது, புட்டி என்று சொல்” என்று திருத்துகிறார் ஒருவர். குழந்தை வாயை மூடிக்கொள்கிறது. “அடடா, உன் தண்ணீர்ப் புட்டி விழுந்துவிட்டதா? எங்கே விழுந்தது?” என்று கேட்கிறார் இன்னொருவர். குழந்தைக்குச் சரியான சொல்லும் காதில் விழுகிறது, பேச்சும் தொடர்கிறது. தூய தமிழின்மேல் எனக்கும் பற்று உண்டு. எனினும், நான்கு வயதில் பேச்சை நிறுத்திவிட்டுத் தூய்மையைக் காத்து என்ன பயன்? இந்த மறுமொழி உத்தியை நூலில் படித்தவர்கூட, தம் வாயில் தமிழாக வரும்வரை பலமுறை பழகினால்தான் கைவரும். அந்தப் பழக்கத்திற்குப் பயிற்சிக் காலத்தில் இடமில்லை.

எழுத்து கற்பித்தலில் இடர் இன்னும் பெரிது. மலாய் மொழியில் ‘ப’ என்னும் அசைக்கு இரண்டு எழுத்துகள் தேவை. எனவே எழுத்தைக் கூட்டி அசையாக்கவும் அசையைக் கூட்டிச் சொல்லாக்கவும் அங்கே கற்பிக்கிறார்கள். அம்மொழிக்கு அது பொருத்தமான முறை. தமிழிலோ ‘ப’ என்னும் ஓர் எழுத்தே ஓர் அசை. ப, ட, ம் என்று மூன்றை அறிந்த குழந்தை ‘படம்’ என்று படித்துவிடும். மலாய் முறையில் மட்டும் பயிற்சி பெற்றவர் “ப் கூட்டல் அ, ப” என்று ஐந்து வயதுக் குழந்தையைப் பாடாய்ப் படுத்துகிறார். இலக்கணப்படி அது சரிதான். மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய். ஆனால், அது பிற்காலத்தில் கற்க வேண்டிய இலக்கணம். குழந்தை படிக்கத் தொடங்கும் வாசல் அன்று.

எழுதுவதிலும் இப்படித்தான். அகர வரிசையில் முதலில் நிற்கின்றன என்பதற்காக அ, ஆ, இ என்று வளைந்து நெளிந்த எழுத்துகளை முதல் வாரத்திலேயே எழுதச் சொல்கிறார்கள். நேர்க்கோடுகளால் அமைந்த ட, ப ஆகியவை எளியவை அல்லவா? அதற்கும் முன்பாக விரல்கள் களிமண் பிசைய வேண்டும், மணி கோக்க வேண்டும், தாள் கிழிக்க வேண்டும். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். மாண்டிசோரி அம்மையாரோ மணல்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் சொன்னார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவருடைய முறையைக் கற்பிக்கும் வகுப்பில் நம் மணலெழுத்தையும் ஒரு மணி நேரம் சேர்த்துப் பேசினால் என்ன?

பல்லாங்குழியும் அப்படியே. ஒரு குழிக்கு ஒரு முத்து என்று போட்டுக்கொண்டே போவது, எண்ணிக்கைக்கு அடிப்படையான ஒன்றுக்கொன்று பொருத்தமன்றி வேறென்ன? மலாய்க்காரர்களின் சொங்காக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இதைக் கடையில் வாங்கும் நெகிழி வில்லைகளைக் கொண்டு ஆங்கிலத்தில் கற்றுவிட்டு, பாட்டி வீட்டுப் பரண்மேல் கிடக்கும் பலகையை மறந்துவிடுகிறோம்.

கல்வியமைச்சின் பாலர் வகுப்புகளுக்காக ஆசிரியர் கல்விக் கழகங்களில் நான்காண்டுப் பட்டக்கல்வி பயின்று வருவோரைப் பற்றி நான் இங்குப் பேசவில்லை. அவர்களுடைய நிலை ஓரளவு நன்று. நான் குறிப்பிடுவது, கடை வீடுகளிலும் குடியிருப்புகளிலும் இயங்கும் தனியார் பாலர் பள்ளிகளில் நம் பிள்ளைகளை முதன்முதலில் கைப்பிடித்து அழைக்கும் இளம்பெண்களைப் பற்றி. அவர்களுள் சிலர் பகலில் வேலை செய்து, வார இறுதியில் டிப்ளோமா பயில்கிறார்கள். சம்பளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாதக் கட்டணத்தில் இருபது ரிங்கிட் கூடினால் முகம் சுளிக்கும் நாம், ஆறு வயதுப் பிள்ளையின் பட்டமளிப்பு விழா அங்கிக்கும் படத்திற்கும் மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை!

தமிழ்ப்பள்ளிகளால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இதற்குப் பெரிய செலவும் இல்லை. பாலர் வகுப்புள்ள பள்ளிகளின் தலைமையாசிரியர்கள், முறைப்படி அனுமதி பெற்று, இத்தகைய பயிற்சியாளர்களைச் சில வாரங்களுக்கு வகுப்பில் அமர அனுமதிக்கலாம். முதல் வாரம் அவர்கள் கற்பிக்க வேண்டாம். குழந்தைகள் பேசுவதைத் தமிழில் அப்படியே எழுதி வைக்கட்டும். பிறகு அனுபவமுள்ள ஆசிரியரோடு அமர்ந்து, ஒவ்வொரு பேச்சுக்கும் என்ன மறுமொழி சொல்லலாம் என்று பார்க்கட்டும். பணி ஓய்வு பெற்ற ஆசிரியைகள் பலருக்குக் கதையும் விடுகதையும் அபிநயப் பாட்டும் நிறையத் தெரியும். அவர்களை அழைத்தால் மறுக்கமாட்டார்கள். முதலாம் ஆண்டு ஆசிரியர்களாகிய நாமும், ‘இந்தப் பிள்ளைக்கு எழுதத் தெரியவில்லை’ என்று பாலர் பள்ளியைக் குறைகூறுவதைச் சற்று நிறுத்திவைக்கலாம். நாம் அப்படிச் சொல்லச் சொல்ல, அவர்கள் பயிற்சித்தாள்களைக் கூட்டுகிறார்கள், விளையாட்டைக் குறைக்கிறார்கள்.

பெற்றோர்களே, அடுத்த ஆண்டுக்குப் பிள்ளையைப் பதியச் செல்லும்போது, குளிர்சாதன வசதி உண்டா, எத்தனை புத்தகங்கள் என்று கேட்பதோடு இன்னும் சிலவற்றையும் கேளுங்கள். ஆசிரியர் எங்கே பயிற்சி பெற்றார்? தமிழ்க் குழந்தைகளோடு எத்தனை வாரங்கள் பழகினார்? தமிழில் ஒரு கதை சொல்வாரா? பத்து நிமிடம் வகுப்பின் ஓரத்தில் அமர அனுமதி கேளுங்கள். அமர்ந்து, அங்கே அதிகம் பேசுவது ஆசிரியரா, குழந்தைகளா என்று மட்டும் கவனியுங்கள்.