இத்தனூண்டு கம்பியா?

பெரிய விபத்து என்றால் காரணமும் பெரிதாக இருக்க வேண்டும் என்பது ஜனங்களின் எண்ணம். யானையைச் சிங்கம் அடித்தது என்றால் நம்புவார்கள். காதில் எறும்பு புகுந்து செத்தது என்றால் சிரிப்பார்கள்.

அமெரிக்காவில் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கிளம்பிய 'டாலி' என்ற சரக்குக் கப்பல், 2024 மார்ச் 26ஆம் தேதி பின்னிரவு ஒன்றரை மணி சுமாருக்கு பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. சில விநாடிகளில் பாலம் சரிந்தது. அதன் மேல் சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்களில் 6 பேர் மாண்டார்கள்.

பொழுது விடிவதற்குள் இன்டர்நெட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு! சதி என்றார் ஒருவர். யாரோ கம்ப்யூட்டர் வழியாகச் சுக்கானைப் பிடித்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர் என்று தெரிந்ததும் அவர்களைக் கேலி செய்து கார்ட்டூன் போட்ட புண்ணியவானும் உண்டு. கப்பலிலிருந்து உடனே எச்சரிக்கை போனதால்தான் போலீஸார் பாலத்துக்கு வந்த வண்டிகளைத் தடுக்க முடிந்தது. அதற்குக் கார்ட்டூன் கிடையாது.

மின்சாரம் நின்றது, கப்பல் கட்டுக்கு அடங்கவில்லை என்று நிபுணர்கள் விளக்கினார்கள். "நங்கூரம் போடுவதுதானே?" என்று கேள்வி வந்தது. போட்டார்கள், ஐயா! லட்சம் டன்னைத் தாண்டிய பாரம், மூக்கணாங்கயிற்றை இழுத்ததும் நிற்க அது மாட்டு வண்டியா?

மின்சாரம் ஏன் நின்றது? தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் சொன்னது: ஒரு கம்பியில் மாட்டியிருந்த அடையாளப் பட்டை தடுத்ததால், அந்தக் கம்பி இணைப்புக்குள் முழுதாக நுழையவில்லை. கம்பி தளர்ந்தது, கப்பல் இருண்டது. "இத்தனூண்டு கம்பியா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், ஆயிரக்கணக்கான இணைப்புகளில் அந்த ஒன்றைத் தேடியவர்களின் பொறுமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் பாமரர் கேட்ட ஒரு கேள்வி மட்டும் ஜெயித்தது. "தூணுக்கு ஏன் தகுந்த காப்பு இல்லை?" 1977இல் திறந்த பாலம், இத்தனை பெரிய கப்பலை எந்தத் தூண் தாங்கும் என்று பொறியாளர்கள் பலர் கையை விரித்தார்கள். 1980இலேயே பிளாரிடாவில் ஒரு கப்பல் பாலத்தை இடித்து 35 பேர் இறந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அபாயத்தைக் கணக்கிடும் முறையும் வந்துவிட்டது. பால்டிமோர் பாலத்துக்கு அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. வாரியம் போட்டுப் பார்த்தபோது, அனுமதிக்கத்தக்க அளவைப் போல் ஏறக்குறைய 30 மடங்கு அபாயம்!

இன்னொன்றும் வாரியம் சொன்னது. போலீஸாருக்குப் போன எச்சரிக்கை, மேலே குழி அடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நேரே போகவில்லை. அதே சமயத்தில் அவர்களுக்கும் சொல்லியிருந்தால் தப்ப நேரம் இருந்திருக்கலாம். சதியைப் பற்றி விடிய விடிய வாதாடியவர்கள் இதைப் பற்றி வாய் திறந்ததாக நான் பார்க்கவில்லை.