கடலைக்காட்டுத் தவளைக்குப் பெயர் என்ன?

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்கு மூட்டை ஏற்றி வரும் விவசாயிகளிடம் கடலைக்காட்டில் என்ன பூச்சி விழுகிறது என்று கேட்டால் மளமளவென்று சொல்வார்கள். வேர்ப்புழு, சிவப்புக் கம்பளிப்புழு, சுருள்பூச்சி, அசுவினி, கறையான் என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். அந்தப் பூச்சிகளைத் தின்னும் தவளையைப் பற்றிக் கேட்டாலோ "தவளை" என்ற ஒரே சொல்தான் வரும். மேலே சொறி சொறியாக இருந்தால் "தேரை" என்பார்கள். விவசாயியை இதில் குறை சொல்ல நியாயம் இல்லை. அவருக்குக் கொடுக்கப்படும் துண்டுப் பிரசுரங்களிலும், "தவளை நன்மை செய்யும் பிராணி" என்ற ஒரு வரிக்கு மேல் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை.

அந்த ஒரு வரி போதாது. வயல் தவளை வேறு, காட்டுத் தவளை வேறு. ஒன்றைக் காப்பாற்றும் காரியம் மற்றொன்றைக் காப்பாற்றாது.

சேலம், நாமக்கல் சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் நல்ல கோடை மழை ஒன்று பெய்த இரவில், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த செம்மண் காட்டில் திடீரென்று தவளைச் சத்தம் கேட்பதை எல்லாரும் அறிவார்கள். பக்கத்தில் ஏரி இராது, கிணறும் வற்றியிருக்கும். எங்கிருந்து வந்தன? வேறெங்கிருந்தும் வரவில்லை. அதே காட்டில், மண்ணுக்குள் கிடந்தவைதான். ஈரம் உள்ள ஆழத்துக்குத் தோண்டிக்கொண்டு போய், வறட்சிக் காலம் முழுவதும் அங்கேயே ஒடுங்கிக் கிடந்து, மழைத் தண்ணீர் இறங்கியதும் மேலே வருகின்றன.

இப்படி மண்ணுக்குள் வாழும் தவளைகளில் இங்கே முக்கியமானவை இரண்டு. இரண்டுமே சுமார் இரண்டு அங்குலம் இருக்கும், கட்டை குட்டையான உடம்பு, பார்வைக்கு அண்ணன் தம்பி போலத் தோன்றும். ஆனால் பின்காலைத் திருப்பி, பாதத்தின் அடியைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒன்றுக்குக் குதிகால் பக்கம் உட்புறமாக ஒரே ஒரு கெட்டியான முண்டு, சின்ன மண்வெட்டியின் வாய் போல இருக்கும். இதற்கு விஞ்ஞானப் பெயர் ஸ்பேரோதிகா பிரெவிசெப்ஸ். தலை குட்டை, கண் பெரியது, வாய் அகலம். மற்றொன்றுக்கு அந்த மண்வெட்டி இரண்டு இருக்கும். அதன் பெயர் யூபெரோடன் சிஸ்டோமா. தலை உடம்போடு ஒட்டிப்போய் வாய் மிகச் சிறியதாக இருக்கும். காற்றை இழுத்து உப்பிக்கொண்டால் பந்து மாதிரி ஆகிவிடும். ஆகவே இதைப் பலூன் தவளை என்றும் சொல்கிறார்கள். இரண்டும் மண்ணைத் தோண்டுவது பின்காலால்தான். பின்பக்கமாகவே, நிற்கிற இடத்தில் திருகினாற்போல் கீழே இறங்கிவிடும்.

உருவம் ஒத்திருந்தாலும் இவை நெருங்கிய உறவு இல்லை. ஒரு மண்வெட்டிக்காரன், வயலில் "வறக் வறக்" என்று கத்தும் பெரிய மஞ்சள் தவளையின் குடும்பத்தைச் சேர்ந்தவன். இரண்டு மண்வெட்டிக்காரனோ குறுவாய்த் தவளைகளின் தனிக் குடும்பம். அவன் வாய்க்கு ஏற்ற தீனி எறும்பும் கறையானும்.

இவற்றைத் தேரை என்று நினைத்து அடித்துக் கொல்பவர்களும் உண்டு. தேரைக்குக் கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தடித்த சுரப்பி மேடு இருக்கும். இவற்றுக்கு அது கிடையாது. தேரையையுந்தான் அடிப்பானேன்? உள்ளே பருப்பில்லாத தேங்காயைத் "தேரை மோந்த தேங்காய்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. மரத்துக்குச் சத்துக் குறைவு, மகரந்தச் சேர்க்கைக் கோளாறு ஆகியவற்றால் வரும் ஒல்லிக்காய்க்கு, பாவம், தேரை பழி சுமக்கிறது.

பிரித்தறியும் பழக்கம் தமிழனுக்கு இல்லாமல் இல்லை. தவளை தன் வாயால் கெடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த பழமொழி. பழமொழி நானூறு அந்த இடத்தில் சும்மா "தவளை" என்று சொல்லவில்லை. மணலுக்குள் மறைந்து கிடக்கும் "நுணல்" என்று குறிப்பிடுகிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து, மழைக்குக் குரல் கொடுத்துத் தன்னைக் காட்டிக்கொள்ளும் தவளை என்றால் அது மேலே சொன்ன இரண்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. குளத்துத் தவளைக்கு இது பொருந்தாது. இவ்வளவு நல்ல சொல் கையில் இருக்க, அதை ஏட்டோடு விட்டுவிட்டது பெரிய நஷ்டம். விரிவாக்கப் பணியில் இருப்பவர்கள் இந்தச் சொல்லை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டு வருவது நல்லது.

விஞ்ஞானப் பெயரின் கதையும் தமிழ் மண்ணில்தான் தொடங்குகிறது. டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடியில் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் இருந்தார். மீன், பாம்பு, சங்கு என்று கிடைத்ததையெல்லாம் சேகரித்து ஜெர்மனியில் உள்ள அறிஞர்களுக்குக் கப்பலில் அனுப்புவது அவர் வழக்கம். பெர்லினில் மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவரிடம் பெரிய சேகரிப்பு இருந்தது. அதில் இருந்த தவளைகளைப் பார்த்து, ஜோஹன் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் 1799-இல் மேற்படி இரண்டு தவளைகளுக்கும் பெயரிட்டார். "கிழக்கிந்தியா" என்று மட்டுமே அவர் இடம் குறித்தார். அவை தரங்கம்பாடிப் பக்கத்துத் தவளைகள் என்பதைப் பின்னால் வந்தவர்கள் துருவிக் கண்டார்கள். ஊர்த் தேரைக்கும், தண்ணீரின் மேல் தத்தித் தத்தி ஓடுகிற குளத்துத் தவளைக்கும் அதே நூலில் பெயரிட்டவர் அவரே. விவசாயிகள் அறிய வேண்டிய இன்னொரு செய்தி: இந்த ஷ்னைடர், ரோமாபுரியின் பழைய விவசாய நூல்களைத் தொகுத்துப் பதிப்பித்தவரும் ஆவார்.

ஷ்னைடர் இந்த இரண்டு தவளைகளையும் "ராணா" என்ற ஒரே இனத்தில் அடக்கினார். ஏறத்தாழ இன்று விவசாயி "தவளை" என்பது போலத்தான். லண்டனில் இருந்த குந்தர் 1859 வாக்கில் ஸ்பேரோதிகா என்ற தனி இனத்தை ஏற்படுத்தினார். அது நிலைக்கவில்லை. மறுபடி ராணாவில் சேர்த்தார்கள். அப்புறம், ஆப்பிரிக்காவில் இதே போல மணலைத் தோண்டும் தவளைகள் உண்டே என்று அவற்றோடு சேர்த்து டோமோப்டெர்னா என்றார்கள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி வந்தபின், சுமார் 2000-ஆம் ஆண்டு வாக்கில், ஆப்பிரிக்கத் தவளை வேறு வம்சம், இந்தியத் தவளை வேறு வம்சம் என்று தெளிவாயிற்று. ஒரே மாதிரி வேலை செய்ததால் ஒரே மாதிரிக் கால் வந்திருக்கிறது, அவ்வளவுதான். மண்வெட்டி பிடிப்பவன் கை எங்கும் காய்த்துத்தான் இருக்கும், அதற்காக எல்லாரும் பங்காளி ஆகிவிடுவார்களா? இந்தியத் தவளை குந்தர் வைத்த பெயருக்கே திரும்பி வந்தது.

இப்படிப் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பது வேலையற்ற வேலை என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. பெயர் மாறியதால் சட்டமே தடுமாறியதைப் பார்க்கலாம். தவளைக்கால் ஏற்றுமதிக்காக வயல் தவளைகளை மூட்டை மூட்டையாகப் பிடித்த காலம் ஒன்று இருந்தது. 1985-இல் வயலின் மஞ்சள் தவளையும் குளத்தின் பச்சைத் தவளையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1987-இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. உள்நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய நான்காம் அட்டவணையில் "ராணா இனத் தவளைகள்" என்று எழுதியிருந்தது. 1992-இல் பிரெஞ்சு அறிஞர் துபுவா ராணாவைப் பல கூறாகப் பிரித்தார். வயல் தவளை ராணாவாக இல்லாமல் போயிற்று. காலப்போக்கில் நம் சமவெளித் தவளைகள் எல்லாமே அந்தப் பெயரை விட்டு வெளியேறிவிட்டன, சட்டத்தில் மட்டும் ராணா அப்படியே உட்கார்ந்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அட்டவணைகள் மாற்றி எழுதப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. பட்டாவில் பெயர் தவறாக இருந்தால் நிலம் என்ன பாடுபடும் என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. தவளை ஆராய்ச்சி என்றாலே மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஓடுகிறார்கள். அங்கே 2003-இல் ஊதாத் தவளை, 2011-இல் ஒரே கட்டுரையில் 12 இரவுத் தவளைகள், 2014-இல் 14 நடனத் தவளைகள் புதிதாக விவரிக்கப்பட்டன. பெரிய சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மானாவாரிக் காட்டுத் தவளையை யார் பார்ப்பது? புதிதாக அங்கே என்ன இருக்கப் போகிறது என்ற எண்ணம். அந்த எண்ணம் தவறு என்று நிரூபணம் ஆகிவிட்டது. 2019-இல் ஜார்க்கண்டின் மேட்டுநில விவசாயப் பகுதியில் ஒரு மண்தோண்டித் தவளை, ஸ்பேரோதிகா மகதா என்ற பெயரில் தனி இனமாக விவரிக்கப்பட்டது. 2020-இல் பெங்களூருப் புறநகரில் இன்னொன்று, ஸ்பேரோதிகா பெங்களூரு. அதுவரை இத்தகைய தவளைகளை எல்லாம் பிரெவிசெப்ஸ் என்ற பழைய கணக்கிலேயே எழுதி வந்திருக்கிறார்கள்.

சேலம் சமவெளி எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் தரங்கம்பாடி வரை போகும் காவிரிச் சமவெளி, மறு பக்கம் தொப்பூர்க் கணவாய் ஏறினால் தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு மேட்டுநிலம். இங்குள்ள கடலைக்காட்டுத் தவளை கடற்கரைக்காரனா, மேட்டுநிலத்தானா, இரண்டும் இல்லாத மூன்றாவது ஆளா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மரபணு பார்த்தே தீர்க்க வேண்டும். சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் சில கிராமங்களில் மாதிரி எடுத்தால் போதும், பெரிய செலவு இல்லை. சென்னையில் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையமும், ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. பூச்சி மாதிரி சேகரிக்கும் கையோடு, உரிய அனுமதி பெற்றுத் தவளை மாதிரியும் சேகரிக்க இவர்கள் ஒன்று கூடினால் இரண்டு மழைப் பருவத்தில் விடை கிடைத்துவிடும்.

அவசரம் ஏன் என்றால், இந்தத் தவளையின் இடம் நாளுக்கு நாள் குறைகிறது. செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றிலும் நகரம் விரிந்துகொண்டே போய், தரிசும் மானாவாரிக் காடும் வீட்டு மனைக் கற்களாகிக்கொண்டு இருக்கின்றன. ஏரியைத் தூர் வாரினால் தவளை பிழைக்கும் என்று நினைப்பது இந்தத் தவளை விஷயத்தில் பயன்படாது. இது முட்டையிடுவது மழைக்குத் தேங்கும் சின்னக் குட்டையில். அங்கேதான் மீன் இராது. மீன் இருந்தால் தலைப்பிரட்டை தப்பாது. தண்ணீர் வற்றுவதற்குள் தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேற வேண்டும், அதற்குச் சில வாரம் போதும். காட்டு மூலையில் உள்ள அந்தப் பள்ளத்தை மண்ணடித்து மூடிவிட்டால் அந்தக் காட்டின் தவளை வம்சம் அதோடு முடிந்தது.

தவளையால் வேர்ப்புழு ஒழிந்துவிடும் என்று யாரும் விவசாயியிடம் சொல்லக் கூடாது. முதல் மழைக்கு வேர்ப்புழுவின் தாய் வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பும் அதே இரவுகளில்தான் இந்தத் தவளையும் கிளம்புகிறது. ஈசல் புறப்பட்டால் புற்றைச் சுற்றித் தவளை உட்கார்ந்திருப்பதையும் பார்க்கலாம். கிடைத்ததைத் தின்னும். ஆனாலும் அந்தியில் வேப்பமரத்தை உலுக்கி வண்டுகளைப் பொறுக்கி அழிக்கும் வேலை விவசாயியுடையதுதான். தவளை கூலி கேட்காத துணையாள், முழுப் பண்ணையாள் அல்ல. அந்தத் துணையாளுக்கும் விஷம் வைக்காமல் இருந்தால் சரி. தவளை தோலாலேயே நீரை உறிஞ்சும் பிராணி. ஈர மண்ணில் தூவிய குருணை மருந்து வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை, தோல் வழியாகவே உள்ளே போய்விடும். வெகுகாலம் பயன்பட்ட ஃபோரேட் குருணை 2020 டிசம்பர் முடிவோடு தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய சரக்கு வீட்டு மூலையில் கிடந்தாலும் அதை எடுத்துத் தூவலாகாது. மற்ற மருந்துகளையும் முதல் மழை பெய்த வாரத்தில், குட்டை ஓரத்தில் போடாமல் தவிர்க்கலாம்.

பண்ணைக்குட்டை வெட்டித் தார்ப்பாய் விரித்தவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். வழுக்கும் செங்குத்துக் கரையில் விழுந்த தவளை ஏற முடியாமல் செத்துப்போகும். ஒரு மூலையில் தென்னை மட்டையோ பழைய சாக்கோ சரித்துப் போட்டு வைத்தால் ஏறிப் போய்விடும்.

அடுத்த கோடை மழைக்குக் காட்டில் இந்தத் தவளையைக் காண்பவர்கள் தேதியையும் ஊரையும் ஒரு தாளில் குறித்து வைக்கலாம். கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் முதுகை மட்டும் எடுக்காமல், பின்கால் பாதத்தின் அடிப்பக்கத்தையும் எடுத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். கையை முதலில் ஈரமாக்கிக்கொள்ள வேண்டும், காய்ந்த கை அதன் தோலுக்கு ஆகாது. பார்த்து முடிந்ததும் பிடித்த இடத்திலேயே, ஈர மண்ணில் விட்டுவிட வேண்டும்.