அடுக்களையிலிருந்து கேட்ட டி.வி.

போன இதழில் குழந்தைகளின் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி எழுதினேன் இல்லையா? அதைப் படித்த சகோதரி ஒருவர், "எங்கள் வீட்டில் சாயங்காலமானால் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை. உங்கள் சின்ன வயசில் எப்படி?" என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு டி.வி. எல்லோரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்து பார்த்தோம். ஆனால் 'எல்லோரும்' என்று எழுதும்போதே மனசில் ஒரு முள் குத்துகிறது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடியில். மெட்ராஸில் 1975-லேயே டி.வி. வந்துவிட்டது. ஆனால் அந்தப் படம் எங்கள் ஊர்வரை எட்டாது. எங்களுக்கு முதலில் கிடைத்தது கொழும்பு டி.வி.தான். 1982 பிப்ரவரியில் ரூபவாஹினி ஆரம்பித்தது. இலங்கையிலேயே உயரமான பிதுருதலாகல மலைமேல் அதன் கோபுரம். அங்கிருந்து எங்கள் மொட்டை மாடிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்!

அவ்வளவு தூரம் படம் எப்படி வந்தது தெரியுமா? காற்று அடங்கிய புழுக்கமான நாட்களில், கடலை ஒட்டிய குளிர்ந்த ஈரக் காற்றுக்கு மேலே சூடான காற்று ஒரு போர்வை மாதிரி படிந்துவிடும். டி.வி. அலைகள் மேலே தப்பிப் போகாமல் அந்தப் போர்வைக்கு அடியிலேயே கடலைத் தாண்டி வந்துவிடும். அன்றைக்குப் படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். மற்ற நாட்களில் புள்ளி புள்ளியாய்ப் பூச்சிதான் பறக்கும்.

அப்பா மாடியில் ஆன்டெனா குழாயைத் திருப்புவார். அண்ணன் படிக்கட்டில் நிற்பான். நான் டி.வி. முன்னால்.

"தெரியுதா?"

"இல்லப்பா... இன்னும் கொஞ்சம்... ஆ, தெரியுது, தெரியுது!"

உப்புக் காற்றில் ஆன்டெனா கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும்.

அதில் வரும் இங்கிலீஷ் நிகழ்ச்சிகள்தான் எங்களுக்கு வேடிக்கை. கலர் வேறே! இங்கிலாந்தில் 1967-லேயே பி.பி.சி. கலர் ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. நம் நாட்டுக்குக் கலர் வந்தது 1982-ல். 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' என்று லண்டனில் எடுத்த தமாஷ் தொடர் ஒன்று உண்டு. பல நாட்டுக்காரர்கள் ராத்திரி வகுப்பில் இங்கிலீஷ் படிப்பார்கள். அவர்களில் ஜமீலா என்று நம் நாட்டுக் குடும்பப் பெண் ஒருத்தி. வகுப்பு நடக்க நடக்கக் கம்பளி பின்னிக்கொண்டே இருப்பாள். இப்போது பார்த்தால் சில கேலிகள் மனசுக்கு ஒப்பவில்லை. இங்கிலாந்திலேயே ஆட்சேபம் வந்ததுண்டு. அன்றைக்கு அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பாதி வசனம் புரியாவிட்டாலும் வயிறு குலுங்கச் சிரிப்போம். பக்கத்து வீட்டு ஆச்சியும் பிள்ளைகளும்கூட வந்துவிடுவார்கள்.

அம்மா? அம்மா அடுக்களையில். அப்பாவுக்குத் தோசை கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வர வேண்டும். அண்ணனுக்கு முறுகலாக வேண்டும். எனக்கு முறுகலே ஆகாது. ஜமீலா பேசும் சத்தம் கேட்டால் மட்டும் தோசைக் கரண்டியோடு வாசலில் வந்து நிற்பாள். அதற்குள் கல் புகைந்துவிடும். ஓடுவாள். நிகழ்ச்சி முடிந்து, பாத்திரம் கழுவி, ஒன்பதரை மணிக்குமேல் மிஞ்சியதைச் சாப்பிடுவாள். அது பெரும்பாலும் ரசமும் பழைய சோறும்தான்.

நான் பத்தாவது படிக்கும்போது அம்மா ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு மயங்கி விழுந்துவிட்டாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 என்று வந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இதற்குக் காரணங்கள் பல. ஆனால் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிற வழக்கம் நம் கையில்தானே இருக்கிறது?

இதெல்லாம் தெரிந்தும் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். போன வருஷம் என் மகள் கேட்டாள்: "ஏம்மா, நீ டி.வி.ய எப்பவும் கேக்க மட்டும்தான் செய்வியா?" எனக்குச் சுருக்கென்றது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குச் சில ஏற்பாடுகள் செய்தோம். அன்றைக்குத் தோசை கிடையாது. இட்லியோ சப்பாத்தியோ ஆறரை மணிக்குள் செய்து ஹாட்பாக்கில் வைத்துவிடுவேன். கூடவே முருங்கைக்கீரைப் பொரியல். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட, நெல்லிக்காய்ப் பச்சடி அல்லது எலுமிச்சை ஊறுகாய். சாப்பாட்டோடு காபி, டீ கூடாது, அவை இரும்புச்சத்தைத் தடுக்கும். தட்டை அவரவரே கழுவ வேண்டும், என் வீட்டுக்காரர் உள்பட. எல்லாப் போன்களும் ஒரு மணி நேரத்துக்குக் கூடைக்குள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டி வந்து நடு நாற்காலியில் உட்கார வைத்தேன். என் மகள் அந்தப் பழைய லண்டன் தொடரைத் தேடிப் போட்டாள். அம்மா இரண்டு தடவை பாதி எழுந்தாள். "உக்காருங்க ஆச்சி, அடுப்புல ஒண்ணும் இல்ல" என்று பேத்தி கையைப் பிடித்து உட்கார்த்தினாள்.

ஜமீலா வந்ததும் அம்மா சொன்னாள்: "அட, இவ பின்னிக்கிட்டேதான் இருந்தாளா? எனக்குக் குரல் மட்டுந்தாண்டி தெரியும்."

முழு அத்தியாயத்தையும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயசு.

சகோதரிகளே, வாரத்தில் ஒரு நாளாவது அடுப்பை முன்கூட்டியே அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள். உங்கள் வீட்டு ஏற்பாடு என்ன என்று எனக்கு எழுதுவீர்கள்தானே?